எந்த ரீலை எடுப்பது?

"படம் காட்டுறவனுக்கு மூணு கண்ணு வேணும்டா. ஒண்ணு திரையில, ஒண்ணு கடிகாரத்துல..." என்று எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் சேது மாமா சொல்வார். மூன்றாவது கண் எங்கே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்; அதுதான் மறந்துவிட்டது. சம்பளமில்லாமல் ஊருக்குப் படம் காட்டுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்காதீர்கள். திட்டு வாங்கித் தரும் வேலை எல்லாமே தொழில்தான். சங்கக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவர்கள், மைக்கைத் தட்டிப் பார்த்தவர்கள், கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவர்கள், உங்களுக்கு என் பாடு புரியும்.

தொண்ணூறுகளின் கடைசி. புனே கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய தியேட்டரில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தமிழ்ப் படம். சனிக்கிழமை நான் பம்பாய் போய், அங்குள்ள தமிழர்களோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பேன். பிறகு அதே பிரிண்டைப் பெட்டியோடு ரயிலேற்றிக்கொண்டு வருவேன். ஐந்தாவது வரை திருச்சியில் தமிழில் படித்தவன், பிறகு புனேயில் மராத்தியில் படித்தவன் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. படம் புரிவதற்குத் தமிழ், தியேட்டர் மேனேஜரிடம் கெஞ்சுவதற்கு மராத்தி.

கெஞ்சல் எதற்கென்றால், பதினொன்றரைக்கு அரங்கம் காலியாக வேண்டும். பன்னிரண்டுக்கு அவர்களுடைய இந்திப் படம். நம் படமோ இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. அதற்கு முன்னால் சேது மாமாவின் வரவேற்புரை வேறு. ஆகவே வாராவாரம் ஏதாவது ஒரு ரீலை, அதாவது படத்தில் பத்து நிமிஷத்தை, ஓட்டாமல் டப்பாவிலேயே விட்டுவிட வேண்டும். எந்த ரீல் என்பது என் பொறுப்பு. நேரம் தாண்டினால் அடுத்த ஞாயிறு கிடையாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார்.

வார நாட்களில் நான் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னி. வீட்டில் அப்பாவும் நானும்தான். நான் டிப்ளமா படிக்கும்போது, ஒருநாள் சட்டென்று அம்மா போய்விட்டாள். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு நான் பிம்ப்ரியில் பெர்மனன்ட் ஆக வேண்டும். எனக்கோ சினிமாவில் எடிட்டர் ஆக வேண்டும். இதைப் பற்றிப் பேசிக்கொள்ளாமலே இரண்டு பேரும் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இருபது வருஷத்துக்கு மேல் வெளியூரில் இருந்துவிட்டு இப்போது புனேவுக்கே திரும்பியிருக்கிறேன். கராடியில் மால் தியேட்டரில் தமிழ்ப் படத்தை முழுசாகக் காட்டுகிறார்கள். முழுசாகப் பார்க்கத்தான் எனக்குப் பொறுமை இல்லை.

பாட்டுக்கு வந்தவர்

ஆரம்பத்தில் எனக்குப் பெரிய மேதை என்று நினைப்பு. கதைதான் முக்கியம், பாட்டில் கதை நகர்வதில்லை, ஆகவே பாட்டு உள்ள ரீலை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த வருஷம் வீட்டுக்கு வீடு டேப் ரிக்கார்டரில் தேய்ந்துகொண்டிருந்த பாட்டுதான் முதலில் போனது.

படம் முடிந்ததும் மாடிப்படியில் என்னை மடக்கியவர் தேகு ரோட்டிலிருந்து வந்த ஒரு சுபேதாரின் மனைவி. இடுப்பில் தூங்கும் குழந்தை, கையில் புளிசாத டப்பா. கதை கெடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கதை எங்க வீட்டுலயே தினம் நடக்குது தம்பி. நான் பாட்டுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்."

வில்லன் எங்கே போனான்

அதற்குப் பிறகு பாட்டைத் தொடுவதில்லை. ஒரு வாரம் சண்டை ரீலை எடுத்தேன். வில்லன் போலீசில் மாட்டுவதும் அதே ரீலில்தான் என்பதை ரயிலில் தூங்கிப்போனதால் யோசிக்கவில்லை. ஆக, இடைவேளைக்குப் பிறகு கதாநாயகியைக் கடத்தப்போவதாகச் சபதம் போட்ட வில்லன் அதன்பின் வரவே இல்லை. எல்லோரும் தோட்டத்தில் நின்று சிரித்தார்கள். சுபம்.

தியேட்டர் வாசலில் அரை கிளாஸ் டீயான கட்டிங் சாயும், பன்னுக்குள் வடை வைத்த வடாபாவுமாகக் கூட்டம் கலையாமல் நின்றது. வில்லன் திருந்திவிட்டான் என்றார் ஒருவர். வெளிநாடு தப்பியிருப்பான் என்றார் இன்னொருவர். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டும் மத்திய சர்க்கார் குடும்பங்கள்தான் அங்கே முக்கால்வாசி. கடைசியில், அப்பாவின் ஆபீஸ்காரர் ஒருவர் சாயை உறிஞ்சிவிட்டு, விவகாரத்தை முடித்துவைத்தார்.

"இதுல என்னப்பா சந்தேகம்? அவனுக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருக்கும்."

எடிட்டர் வந்த ஞாயிறு

நாம் விட்ட இடத்தை ஜனங்களே நிரப்பிக்கொள்கிறார்கள் என்று அன்று தெரிந்தது. அதிலிருந்து ரயிலில் நான் தூங்குவதில்லை. எந்த ரீலின் கடைசி எந்த ரீலின் ஆரம்பத்தோடு ஒட்டும் என்று மனசுக்குள்ளேயே ஒட்டிப் பார்ப்பேன். வழியில் கர்ஜத் ஸ்டேஷனில் வடை வாங்கக்கூட இறங்க மாட்டேன்.

ஒரு ஞாயிறு, ஏதோ வேலையாகச் சென்னையிலிருந்து வந்த ஒரு சினிமா எடிட்டரை சேது மாமா பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தார். மாமா மைக்கில் அறிமுகப்படுத்தும்போதுதான், அன்றைய படமே அவர் வெட்டி ஒட்டியது என்று எனக்குத் தெரிந்தது. பத்தாவது ரீல், கதாநாயகனின் நண்பனுடைய பிளாஷ்பேக், ஏற்கெனவே டப்பாவில். நான் மேலே ஆபரேட்டர் அறைக்குப் போய் ஒளிந்துகொண்டேன். படம் விட்டதும் அவரே படியேறி வந்துவிட்டார். யார் எடுத்தது என்று கேட்டார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாத எங்கள் ஆபரேட்டர் காம்ளே, கேள்வி முடிவதற்குள் என்னைக் காட்டினார்.

அந்த பிளாஷ்பேக்கைத் தூக்கச் சொல்லி டைரக்டரிடம் மாதக்கணக்கில் கெஞ்சியும் நடக்கவில்லையாம். என்னால் எப்படி முடிந்தது என்று கேட்டார். மேனேஜர் பதினொன்றரைக்கு மேல் விடமாட்டார் சார் என்றேன். அவர் அந்த டப்பாவைத் தட்டிக் கொடுத்தார்.

"நீ சென்னைக்கு வந்து என்கூட சேர்ந்துக்கோ. வரும்போது அந்த மேனேஜரையும் கூட்டிட்டு வந்துடு."

காபியும் மாலையும்

விளையாட்டாகச் சொன்னாலும் மனிதர் நிஜமாகத்தான் சொன்னார்; ஆடி முடிந்ததும் வரச் சொல்லி விலாசம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பெர்மனன்ட் ஆர்டர் எப்போது வரும் என்று கேட்டார். பேச்சு அதோடு சரி.

அடுத்த வாரம் ஒரு குடும்பப் படம். அதில் ஒரு ரீல் முழுக்க அம்மா ஆஸ்பத்திரியில் சாகிறாள். பம்பாயில் அரங்கமே மூக்கைச் சிந்தியது. அதற்கு முந்தைய ரீல், அவசரமாக வேலைக்குக் கிளம்பும் மகனுக்கு அவள் காபி ஆற்றிக் கொடுப்பதோடு முடிகிறது. அவன் ஒரு வாய் குடித்துவிட்டு ஓடுகிறான். பிந்தைய ரீல், சுவரில் மாலை போட்ட அவள் படத்தில் ஆரம்பிக்கிறது. கையில் எடுத்த ஆஸ்பத்திரி டப்பாவை ஓட்டவும் ஒதுக்கவும் மனசில்லாமல் காம்ளேயிடம் கதையைச் சொன்னேன். ஆஸ்பத்திரி ரீலை ஓட்டினால் நான் அழுவேன், அழுதால் ரீலுக்கு ரீல் மிஷின் மாற்றுவது தப்பும், எடுத்துவிடு என்றார் அவர்.

எடுத்தேன். காபி டம்ளர். உடனே மாலை. அன்று நான் திரையைப் பார்க்கவில்லை, ஜனங்களைப் பார்த்தேன். அழுகை இல்லை, இருமல் இல்லை. கைக்குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. சேது மாமாவின் மூன்றாவது கண் இதுதானோ என்னவோ. பால்கனியில் வழக்கமான இடத்தில் இருந்த அப்பா, எனக்காகக் காத்திராமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு, ஆனி முடிவதற்குள் ஒரு கல்யாணத்துக்காக அவர் திருச்சி போனார். அவர் இல்லாதபோது பெர்மனன்ட் ஆர்டர் வந்தது. மேஜையில் அவர் கண்ணில் படும்படி வைத்திருந்தேன். ஞாயிறு சாயங்காலம் வந்தவர், அதைப் படித்தார், மடித்தார், அதன் மேல் முறுக்குப் பொட்டலத்தை வைத்தார். திருச்சியில் மச்சானோடு அதே படத்துக்குப் போனாராம். அங்கே அந்த அம்மா செத்து முடிக்க ஒரு யுகம் ஆனதாம். பக்கத்தில் எல்லோரும் அழுதார்களாம், இவருக்கு ஒன்றும் வரவில்லையாம்.

"இங்க காபி ஆத்திக் கொடுத்தா, அடுத்து மாலைதான். நம்ம வீட்டுலயும் அப்படித்தானேடா ஆச்சு."

அவர் ஒரு முறுக்கை உடைத்துப் பாதியை என்னிடம் நீட்டினார்.

"அதை எடுத்தது நீதானே? அந்த எடிட்டர் எப்ப வரச் சொன்னாரு?"

திங்கட்கிழமை பிம்ப்ரியில் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சென்னை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன்.