மீதி வராத எண்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு ‘மீதி’ என்றுதான் பெயர். எந்த எண்ணைப் பார்த்தாலும் எதாலாவது வகுத்து மீதி எவ்வளவு என்று சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அறுவை அறையிலிருந்து வரும் சதைத்துண்டு டப்பாக்களுக்கு எண் சீட்டு ஒட்டுவது அவன் வேலை. அவற்றிலிருந்து எடுத்த ஸ்லைடுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை.

சீட்டுச் சுருளில் எண்கள் வரிசையாக வரும். 381654729 எப்போது வரும் என்று நான்கு மாதமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை வந்தே விட்டது. சுருளிலிருந்து பிய்த்துக் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு தலைகால் புரியாமல் என்னிடம் ஓடிவந்தான்.

“அக்கா, ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும் எல்லாம் ஒரே ஒரு தடவை இருக்கு பாருங்க. முதல் ரெண்டு, முப்பத்தெட்டு, ரெண்டால போகும். முதல் மூணு, முன்னூத்தி எண்பத்தொண்ணு, மூணால போகும். முதல் நாலு நாலால. இப்படியே ஒன்பது வரைக்கும் மீதியே வராது. இந்த மாதிரி வேற எண்ணே கிடையாதுக்கா!”

“உலகத்துல உனக்கு மட்டும்தான் இந்தக் கவலை. போய் ஒட்டுடா,” என்றேன்.

வியாழனன்று அந்த எண்ணுள்ள ஸ்லைடைப் பார்த்தேன். மார்பகக் கட்டி. புற்றுநோய்தான், சந்தேகமே இல்லை. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பெண்ணின் மார்பை எடுப்பதாக முடிவு செய்தார்கள்.

வெள்ளி பதினொரு மணிக்கு மீதி என் மேசை முன்னால் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, அன்னிக்கு ரெண்டு டப்பா ஒண்ணா வந்துச்சு. ரெண்டுமே மார்புக் கட்டி. சீட்டை உங்ககிட்ட காட்டிட்டுப் போய் எதுல ஒட்டினேன்னு எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல. மாத்தி ஒட்டியிருந்தா?”

அடுத்த எண் ஒட்டிய இன்னொரு டப்பாவுக்கு நோய் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். சீட்டு மாறியிருந்தால் ஒன்றுமில்லாதவளுக்கு மார்பு போகும். நோய் இருப்பவளோ நிம்மதியாக வீட்டில் இருப்பாள்.

“அறிவிருக்கா உனக்கு? மூடியில நர்ஸ் பேனாவால பேரு எழுதியிருப்பாங்க. ஓடு, டப்பா வைக்கிற கிடங்குச் சாவியை வாங்கிட்டு வா!”

அவன் சாவியோடு வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கிடங்கு அலமாரியைத் துழாவி டப்பாவை எடுத்தோம். மூடியில் இரண்டு மணி அறுவைக்குக் காத்திருந்த பெண்ணின் பெயர். பக்கவாட்டில் 381654729. சரியாகத்தான் ஒட்டியிருந்தான். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அவன் மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“என்னடா, தப்பு நடக்கலையே, அப்புறம் என்ன?”

“சாவி வாங்கப் போறப்ப அந்தம்மா வீட்டுக்காரர் வராந்தாவுல அழுதுட்டு இருந்தாருக்கா. மனசு கேக்கல. சீட்டு மாறியிருக்கலாம், அவங்களுக்கு ஒண்ணும் இல்லாம இருக்கலாம்னு சொல்லிட்டேன்.”

அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

வராந்தாவில் அந்த மனிதர் கண்ணீரும் சிரிப்புமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஆமாம்மா, அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லையாம். நீ அழாம சாப்பிடு.” எங்களைக் கண்டதும் எழுந்து, போனை மீதியிடம் நீட்டினார்.

“நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. நான் சொன்னா எம்பொண்ணு நம்ப மாட்டேங்குறா.”