அண்ணன் அடிக்க மறுத்த சீட்டு

நாங்கள் குடியிருக்கும் தெருவில் பதிமூன்றாம் எண் வீடு கிடையாது. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் ஒரு பக்கம். ஒன்பது, பதினொன்று, அதற்கு அடுத்தது பதினைந்து. பதினைந்தில்தான் நாங்கள் இருக்கிறோம். இங்கிலாந்துக்கு வந்த புதிதில், நடுவில் இருந்த வீடு இடிந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் தபால்காரரிடம் கேட்டபோது, பதிமூன்று என்று போட்டால் யார் குடிவருவார்கள் என்று சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியாமல், வாடகை அவ்வளவு அதிகமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். இந்த ஊரில் அது ராசியில்லாத எண் என்று பிறகுதான் தெரிந்தது. பதினொன்றுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. குப்பைத்தொட்டி வைக்கவும், தோட்டச் சாமான் போடும் மரக்கொட்டகைக்கும் மட்டும் இடம். கொட்டகை எங்களுடையது. அதற்குள் இப்போது ஒரு பார்சல் இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நாலு வருஷமாக நினைத்து, இன்றுதான் முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் போனவன். பம்மலில் என் அண்ணன் துரைக்கு ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தினசரி காலண்டர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அங்கேதான் எண்பதுகள் முழுக்கப் பேப்பர் வெட்டும் மிஷினில் நின்றேன். தோல் கிடங்கு நாற்றமும் மை வாசனையும் கலந்த காற்றுதான் எனக்கு ஊர்க்காற்று. என் மனைவி செல்வி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்ததால் அவள் பின்னால் வந்தவன் நான். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. அங்கே பேப்பரை வெட்டினீர்கள், இங்கே ரொட்டியை வெட்டுகிறீர்கள் என்று செல்வி கேலி செய்வாள்.

பதினொன்றாம் எண்ணில் மார்கரெட் என்ற அம்மாள் தனியாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஒன்பது வருஷமாக ஒரு சீட்டுக்கட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இங்கே அதை டேரட் என்கிறார்கள். எழுபத்தெட்டு சீட்டு. குலுக்கிப் போட்டு, எடுத்த படத்தை வைத்துப் பலன் சொல்கிறார்கள். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டின் கீழே கிளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே ஜோசியர், அதே தொழில்தான். ஆனால் ஒரு வித்தியாசம். நம்முடைய கிளி எடுக்கும் சீட்டில் சாவு படம் இருந்து நான் பார்த்ததில்லை. சனீஸ்வரன் வந்தாலும் ஒரு பரிகாரம் சொல்லி அனுப்புவார்கள். இவர்கள் கட்டில் பதிமூன்றாவது சீட்டின் பெயரே சாவு. மற்றவர்கள் அதற்கு எலும்புக்கூடு போடுவார்களாம். மார்கரெட் அப்படிப் போடவில்லை. பாதி திறந்த கதவு, வாசற்படியில் வெள்ளை உடுத்திய ஒரு பெண், முதுகைக் காட்டி நிற்கிறாள். உள்ளே வருகிறாளா வெளியே போகிறாளா என்று சொல்ல முடியாது. வெள்ளையைப் பார்த்ததும் நான் விதவையா என்று கேட்டேன். இல்லை, மணப்பெண் என்றாள் மார்கரெட். இந்த ஊரில் வெள்ளை கல்யாணத்துக்கு உடுத்துவது.

அதை வெளியிடச் சொல்லி நாலைந்து கம்பெனிக்கு அனுப்பினாள். எல்லாம் மரியாதையான கடிதத்தோடு திரும்பி வந்தன. சொந்தமாக அச்சடிக்க இங்கே கேட்ட தொகை அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒருநாள் வேலி ஓரம் நின்று, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலிலேயே, அடுத்த வசந்தத்தைப் பார்க்கமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதற்குள் இந்தக் கட்டை முழுசாக ஒருமுறை கையில் பிடித்துவிட்டால் போதும் என்றாள். உள்ளே ஓடிப்போய், மருதமலையிலிருந்து கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன். அதோடு நிற்காமல், என் அண்ணன் அச்சகத்தில் அடித்துத் தருகிறேன், இது சத்தியம் என்றும் சொல்லிவிட்டேன். அவள் அந்தப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, நன்றி சொல்லி, வர்ணப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். அது நெற்றியில் இடுவது என்று திருத்துவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆவணி மாதம் ஆறு வார லீவில் ஊருக்குப் போனேன். பெட்டியில் துணியைவிட அந்தப் படங்கள்தான் அதிகம். அண்ணன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

“இன்னாடா இது, கிளி இல்லாத கிளி ஜோசியமா?”

மிஷின்மேன் மாணிக்கம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “கிளிக்கு விசா தரலையாம்ணே, சீட்டு மட்டும் வந்துகீது.”

எல்லோரும் சிரித்தோம். அந்த அச்சகத்தில் நான் கேட்ட கடைசி நல்ல சிரிப்பு அதுதான் என்று தோன்றுகிறது.

அண்ணிக்கு அப்போது ஏழாம் மாதம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து நின்ற கர்ப்பம். அதற்கு முன்னே இரண்டு கலைந்துபோயிருந்தது. வீடு அச்சகத்துக்கு மேல் மாடி. வளைகாப்புக்கு நாள் குறித்து, படிக்கட்டு முழுக்க வளையல் பெட்டியும் தேங்காயும் அடுக்கியிருந்தார்கள். அண்ணன் கொஞ்ச மாதமாகவே ஒரு மாதிரி பயந்து பயந்துதான் இருந்தார். தெருவில் பாடை போனால் ஷட்டரை இறக்கிவிடுவார். இரங்கல் போஸ்டர் வேலை வந்தால் எதிர்த்த பிரஸ்ஸுக்கு அனுப்பிவிடுவார்.

நெகட்டிவ் எடுத்து, மாதிரித் தாள் அடித்து, மேஜையில் காயப் போட்டிருந்தோம். அண்ணி காபி கொண்டுவந்தாள். தாள்களை வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஓர் இடத்தில் நின்றுவிட்டாள்.

“தம்பி, இது யாரு?”

நான் காபியை வாங்கக் கை நீட்டினேன்.

“உள்ள வராளா, வெளிய போறாளா?”

“தெரியல அண்ணி,” என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

அண்ணி தம்ளரை அப்படியே வைத்துவிட்டு மாடி ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில், யாரும் சொல்லாமலே அது சாவு என்று தெரிந்துகொண்டவளாக, ஒரு பையோடு இறங்கி வந்தாள். அவள் அம்மா வீடு ஊரப்பாக்கத்தில்.

“நீங்க பாட்டுக்கு அடிங்க,” என்றாள் அண்ணனிடம். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “அவளும் நானும் ஒரே வூட்ல இருக்க முடியாது. ரெண்டு பேர்ல ஒருத்தர் தான்.”

அண்ணன் பையை வாங்கிக் கீழே வைத்தார். எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையானாலும் முதலில் வரும் நல்ல தாளை மிஷின் மேல் இருக்கும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சள் தொட்டு, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் மீதியை ஓட்டுவோம். கோர்ட் நோட்டீஸாக இருந்தாலும், மூலம் பௌத்திரம் விளம்பரமாக இருந்தாலும் அதுதான் முறை. அண்ணன் அந்தப் படத்தைக் காட்டிச் சொன்னார்.

“சாமி முன்னாடி வைக்க முடியாத தாள நான் மிஷின்ல ஏத்தமாட்டேன்டா. கொழந்த பொறக்கட்டும். அப்புறம் எது வேணா அடிச்சுத் தரேன்.”

குழந்தை பிறக்கக் கார்த்திகை ஆகும். என் லீவு புரட்டாசியில் முடிகிறது. மார்கரெட்டுக்கு எத்தனை மாதம் என்று யாருக்குத் தெரியும்? அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைப் புத்திசாலித்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த ஊரில் பதிமூன்று என்ற எண்ணில் வீடுகூட வைக்கமாட்டார்கள், எங்கள் தெருவிலேயே கிடையாது, அந்த ஒரு சீட்டு இல்லாவிட்டால் அவர்களே சந்தோஷப்படுவார்கள் என்றேன்.

“பதிமூணுல இன்னா கீது? எட்டுன்னா கூட ஒரு நாயம் கீது,” என்றார் மாணிக்கம். ஆனால் அவருக்கும் நிம்மதிதான் என்று முகத்தில் தெரிந்தது.

பிளேட் போடும்போது நெகட்டிவில் அந்தச் சீட்டு இருந்த கட்டத்தை மட்டும் சிவப்புத் தாள் ஒட்டி மறைத்துவிட்டோம். எழுபத்தேழு படமும் ஒரு வெறும் வெள்ளைச் சீட்டுமாக முந்நூறு கட்டு. முதல் தாளைப் பிள்ளையார் முன்னால் வைத்தபோது, நடுவில் இருந்த அந்த வெள்ளைக் கட்டத்தின் மேலேதான் அண்ணன் மஞ்சள் வைத்தார். வளைகாப்பு நன்றாக நடந்தது. அண்ணி இரண்டு கை நிறைய வளையலோடு சிரித்தாள். ஆனால் நான் கிளம்பும்வரை அச்சகத்துக்குள் இறங்கவே இல்லை.

பத்துக் கட்டைப் பெட்டியில் கொண்டுவந்தேன். மீதி கப்பலில் வந்தது. மார்கரெட் வாசலிலேயே பிரித்தாள். அதற்குள் அவள் மோதிரம் விரலில் நிற்காமல், நூல் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். அட்டையைத் தடவினாள், ஓரத்தைத் தடவினாள், கண் கலங்கினாள். வெட்டு நேராக இருக்கிறது என்றாள். வெட்டியவன் நான் என்று சொன்னேன். பிறகு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்து அந்த வெள்ளைச் சீட்டில் நின்றாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். அடுத்த கட்டைப் பிரித்தாள். அதிலும் வெள்ளை.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அண்ணியைப் பற்றி, வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பற்றி, பிள்ளையார் படத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். உங்கள் தெருவிலேயே அந்த எண் இல்லையே என்றும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. தெருவில் இருப்பவர்கள் பொய் சொல்லலாம், சீட்டு சொல்லக்கூடாது என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, பிரசவம் எப்போது என்று கேட்டாள். கார்த்திகை என்பதை நவம்பர் என்று மாற்றிச் சொன்னேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “நான் முந்திவிடுவேன் போலிருக்கிறதே,” என்று சிரித்தாள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். பிரஸ்ஸுக்கு எதிரே மருந்துக்கடையில்தான் போன். அந்த ஒரு சீட்டை மட்டுமாவது வேறு எங்காவது அடித்து அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். நெகட்டிவை வெளியில் கொடுத்தாலும் என் கையால் அடித்த மாதிரிதானே என்றார் அவர். “பொறந்த அன்னிக்கே அடிக்கிறேன்டா. அதுக்கு முன்னாடி இந்தப் பேச்சப் பேசாத.” அதற்குப் பிறகு நான் திரும்பக் கேட்கவில்லை. செல்வியிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் தினம் சாவைப் பார்க்கிறவள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து எதைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஐப்பசி கடைசியில் மார்கரெட் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கட்டை எடுத்து, அதிலிருந்து ஒரு சீட்டை உருவி நீட்டினாள். வெள்ளைச் சீட்டில் அவளே வரைந்துவிட்டாள். கை நடுங்கியதால் கோடெல்லாம் கோணல். அதே கதவு, அதே வாசற்படி. ஆனால் கதவு இப்போது முழுக்கத் திறந்திருந்தது. வாசலில் யாருமே இல்லை.

“நீ கொடுத்த சாம்பல்,” என்றாள். “எத்தனை நல்ல நிறம் தெரியுமா? இது எனக்குக் கடையில் கிடைத்ததே இல்லை.”

வாசற்படி முழுக்க என் திருநீறு. சாமி பிரசாதத்தைச் சாவு சீட்டில் பூசியிருக்கிறாளே என்று உடம்பு சிலிர்த்தது. அடுத்த நிமிஷமே, வேறு எங்கே பூசவேண்டும் என்று நினைத்துத்தான் நான் அதைக் கொடுத்தேன் என்றும் தோன்றியது. அந்தப் பெண் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. இப்போது முழுக் கட்டு, என்று சொல்லி மார்கரெட் எல்லாச் சீட்டையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சீட்டைப் பிடிப்பதுபோல் இல்லை, குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்து ஒரு வாரத்தில் அண்ணன் போன் செய்தார். பெண் குழந்தை, விடிகாலையில் சுகப்பிரசவம், அண்ணியும் நலம். அழுதுகொண்டே சொன்னார். நானும் அழுதேன். போனை வைத்துவிட்டு மார்கரெட்டிடம் சொல்லலாம் என்று கதவைத் திறந்தால், பதினொன்றாம் எண் வாசலில் கறுப்பு வண்டி நின்றது. மார்கரெட் போனது விடிகாலையில் என்றார்கள். நம் ஊர் நேரத்தையும் இந்த ஊர் நேரத்தையும் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தெரியும். அன்றைக்குப் பார்க்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நிற்கவிடாத ஒருத்தியை, வழி சொல்லி அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டோமோ என்ற எண்ணம் வரும்போதெல்லாம் கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொள்கிறேன். டாக்டர் முதலிலேயே சொன்னதுதானே என்கிறாள் செல்வி. அதுவும் உண்மைதான். அந்த முழுக் கட்டை மார்கரெட்டோடேயே வைத்து அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பார்சல் வந்தது. அண்ணன் வார்த்தை தவறாதவர். செங்கல் அளவு இருந்தது. முந்நூறு சாவு சீட்டு, ஓரமெல்லாம் நேராக வெட்டி, நூல் சுற்றி, கூடவே குழந்தையின் ஒரு போட்டோவும். மேல் சீட்டில், வெள்ளை உடுத்திய அந்தப் பெண்ணின் முதுகில், ஒரு மஞ்சள் பொட்டு. பிள்ளையார் முன்னால் வைத்துத்தான் ஓட்டியிருக்கிறார்.

மார்கரெட்டின் தங்கை மகன் வந்து மற்றக் கட்டுகளை எடுத்துப்போனான். இதையும் கொடுத்துப் பார்த்தேன். வேண்டாம், இந்த வெள்ளைச் சீட்டே நன்றாக இருக்கிறது, வாங்குகிறவர்கள் அதை விரும்புகிறார்கள் என்றான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பூஜை அலமாரி இருக்கும் வீட்டுக்குள் வைக்க மனம் வரவில்லை. அச்சடித்த தாள் சரஸ்வதி, தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம், அதைக் குப்பையில் எப்படிப் போடுவது? மஞ்சள் வைத்ததை எரிக்கவும் கை வரவில்லை. திருப்பி அனுப்பலாம் என்றால், அங்கே இப்போது ஒரு குழந்தை இருக்கிறது.

போன வருஷம் அண்ணன் அனுப்பிய போட்டோவில் அந்தக் குழந்தை அச்சகத்து வாசற்படியில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நிற்கிறாள். வெள்ளைக் கவுன். அண்ணன் போட்டோவின் பின்னால் எழுதியிருந்தார், கூப்பிட்டால் திரும்பவே மாட்டேன் என்கிறாள் என்று. பார்சல் கொட்டகையில்தான் இருக்கிறது. பதினொன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில், எண் இல்லாத அந்த இடத்தில். மழை பலமாகப் பெய்தால் போய்ப் பார்க்கிறேன். இதுவரை நனையவில்லை.