இஞ்சினியர் எப்போது வருவார்?

"இஞ்சினியர் எப்போது வருவார்?" என்று இன்று காலை ஒரு வாடிக்கையாளர் என்னிடமே கேட்டார். நான்தான் அந்த இஞ்சினியர்.

மாலை மெட்ரோவில் அவருக்குக் காரசாரமாக ஒரு மின்னஞ்சல் எழுதிக்கொண்டு வந்தேன். ஸ்டாலின்கிராட் நிலையத்தில் போன் கைதவறி விழுந்து திரை இருண்டுபோனது.

அடுத்த நிலையமான லா சப்பலில் இறங்கி, ஒரு தமிழ்ப் போன் கடைக்குள் நுழைந்தேன். மேசையில் ஒரு இளம்பெண் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவர் கைகட்டி நின்றார். போனை அவரிடம் நீட்டினேன்.

"அண்ணை, இதைத் திருத்தலாமோ?"

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி? நானும் திருத்தத்தான் குடுத்திட்டு நிக்கிறன். பிள்ளையிட்டைக் கேளுங்கோ."

அவள் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை. "பரவாயில்லை அக்கா, எல்லாரும் அப்பிடித்தான். இஞ்சை வையுங்கோ."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

அரை மணி நேரத்தில் புதுத் திரை போட்டுத் தந்தாள். வெளியே வந்து மின்னஞ்சலைத் திறந்தேன். பாதியில் நின்ற வரி அப்படியே இருந்தது: "எதிரில் ஒரு பெண் இருக்கும்போதே ஆணைத் தேடுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?"

இன்னும் அனுப்பவில்லை. அனுப்புவதென்றால் எனக்கும் ஒரு பிரதி போட வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?