எஃப்.சி. தேதி எழுதிய கதவு

தேவாரம் போகிற வழியில் ஒரு தெரு இருக்கிறது. ரெண்டு வருஷமாக அந்தத் தெருவுக்குள் நான் போவதில்லை. ஊரைச் சுற்றித்தான் போவேன். போன வாரம் பைக் பஞ்சர். பஞ்சரான பைக்கைத் தள்ளிக்கொண்டு எவனும் ஊரைச் சுற்ற மாட்டான். அதனால் உள்ளே நுழைந்தேன்.

நடுத்தெருவில் ஓர் ஆட்டுக் கொட்டகை. மழையில் நனைந்த ஆட்டின் வாடை. கொட்டகைக்குக் கதவாக நின்றது ஒரு ஜீப்பின் கதவு. நீலக் கலர், அதில் வெள்ளை எழுத்து: எஃப்.சி., பக்கத்தில் ஒரு தேதி. கிட்டப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நான் எழுதுகிற சி-க்கு வால் இருக்கும். எட்டாம் வகுப்பில் இங்கிலீஷ் வாத்தியார் அந்த வாலுக்காகவே என்னை அடித்திருக்கிறார். ஒன்பதாவதைத் தாண்டாதவனுக்கு அந்த ரெண்டு எழுத்துத்தான் சோறு போட்டது என்பது அவருக்குத் தெரியாது.

கம்பத்தில் ரசாக் பாய் பட்டறையில் நான் பெயிண்டர். மஞ்சள் போர்டு வண்டி என்றால் வருஷா வருஷம் ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்தி, ஓடத் தகுதியான வண்டிதான் என்று காகிதம் வாங்க வேண்டும். அதுதான் எஃப்.சி. அது எந்தத் தேதி வரைக்கும் என்று வண்டியில் எழுதுவது என் வேலை. பெயிண்டில் கலக்கிற தின்னர் வாடை மூக்கில் ஏறினால் இப்போதும் எனக்கு அந்த ரெண்டு எழுத்துதான் ஞாபகம் வரும்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் யார் யார் பி.சி., எம்.பி.சி., எஃப்.சி. என்று கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் மாமா ஓட்டிய லாரியில் எஃப்.சி. என்று எழுதியிருந்ததை நம்பி, நான் பெருமையாகக் கையைத் தூக்கிவிட்டேன். வகுப்பே சிரித்தது. பட்டறைக்கு வந்த பிறகு அந்த எழுத்தை ஆட்களுக்கும் மாட்டிவிட ஆரம்பித்தோம். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர் எஃப்.சி. காட்டப் போகிறார். பெண் பார்க்கப் போகிறவன் தலைக்கு மை அடித்தால் எஃப்.சி.க்கு ரெடியாகிறான். மலைக்கு மேலே மலையாளம் பேசுகிற பக்கம் போனால் எழுத்தே திரும்பிக்கொள்ளும், அங்கே அதற்குப் பெயர் சி.எஃப். தோட்டத்து சூப்பர்வைசர் எங்கள் ஜீப் டிரைவர்களிடம் "சி.எஃப். கழிஞ்ஞோ?" என்று, முடிந்துவிட்டதா என்ற அர்த்தத்தில் விசாரிப்பார். அந்த டிரைவர்களில் ஒருத்தரான முருகேசண்ணன் சிரித்துக்கொண்டே தன் நெஞ்சைக் காட்டுவார். குமுளியில் வாங்கிய மஞ்சள் பனியன் அது, ஏதோ பந்து விளையாடுகிற குழுவின் பெயருக்குப் பின்னால் எஃப்.சி. என்று போட்டிருக்கும். எஃப்.சி. காட்டப் போகிற அன்றைக்கு அவர் அதைத்தான் போட்டுக்கொண்டு போவார், ராசியாம்.

அந்த நீலக் கதவு முருகேசண்ணனின் ஜீப்பில் இருந்ததுதான். விடிகாலையில் பத்துப் பதினஞ்சு பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் இறக்கிவிடுகிற ஜீப். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் தூக்குச்சட்டி, திரும்பி வரும்போது மேலெல்லாம் பச்சை ஏலக்காய் வாசம். பின்பலகையில் எப்போதும் பேச்சியக்காதான். ஒரு காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு உட்காரும். பட்டறையைத் தாண்டும்போது ஜீப் கொஞ்சம் மெதுவாகும். "ஏலே பெயிண்டு, மூஞ்சியக் கழுவுனியா, அதுக்கும் தின்னர்தானா" என்று ஒரு குரல் வரும். நானும் ஏதாவது திருப்பிக் கொடுப்பேன். அந்தச் சிரிப்புச் சத்தம் திருப்பம் தாண்டிக் கேட்டுக்கொண்டே போகும்.

இனிச் சொல்லப்போவதை இதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

பட்டறை மூலையில் நல்ல டயர்களாக அஞ்சு டயர் ஒரு செட் கிடக்கும். எந்த ஜீப்புக்கு எஃப்.சி. வந்தாலும், அதன் தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டு இந்தச் செட்டை மாட்டி அனுப்புவோம். காகிதம் வாங்கி வந்ததும், சாயங்காலமே கழற்றிப் பழையதை மாட்டிவிடுவோம். ஊரில் எல்லோரும் செய்ததுதான். ஒருத்தருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. அந்தச் செட்டுக்கு 'மாப்பிள்ளை டயர்' என்று பெயர் வைத்தவன் நான். பெயர் வைத்த பிறகு அது இன்னும் சிரிப்பான விஷயமாகிவிட்டது.

அந்த வருஷம் எஃப்.சி.க்கு முந்தின நாள் முருகேசண்ணன் வந்தார். மழைக்காலம் வருது, இந்தத் தடவை சொந்தமாகவே புது டயர் போடலாம் என்று இருக்கேன் என்றார். பாய்கூடத் தலையை ஆட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"என்னண்ணே, ரெண்டாங் கல்யாணமா? ஒருநாள் மாப்பிள்ளைக்கு எவனாச்சும் கோட்டு தைப்பானா? இந்தா கெடக்குல்ல, மாட்டிட்டுப் போண்ணே."

பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, சரி மாட்டுங்கப்பா என்றார். மறுநாள் காகிதத்தோடு வந்தார். ஒரு பக்கம் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் நான் கதவில் அடுத்த ஜூன் வரைக்கும் தேதி எழுதினேன். சி-க்கு வால் வைத்தேன்.

மூணு வாரம் போயிருக்கும். சாயங்காலம், நல்ல மழை, ஜீப் இறங்கி வந்துகொண்டிருந்தது. திருப்பத்தில் பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போய்ப் பின்பக்கம் தடுப்புச் சுவரில் அடித்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பேச்சியக்காவின் கால் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உயிர் பிழைத்தது. கால் பிழைக்கவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எப்படி ஆச்சு என்று கேட்டவர்களிடம் எல்லோரும் மழை என்றார்கள். நானும் மழை என்றேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய், உள்ளே போகாமல் திரும்பி வந்தேன். மறுநாள் ரசாக் பாய் அந்த அஞ்சு டயரையும் வெளியே உருட்டிப் போட்டு, பகல் முழுக்க உட்கார்ந்து ரம்பத்தால் அறுத்தார். யாரையும் உதவிக்கு விடவில்லை. கடைசித் துண்டைத் தள்ளிவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இனி இங்கன எவனும் மாப்பிள்ளையாக வேணாம்."

முருகேசண்ணன் ஜீப்பை உடைக்கக் கொடுத்துவிட்டு திருப்பூர் போய்விட்டார். உனக்கு என்ன வேணும் என்று பேச்சியக்காவிடம் அவர் அழுதுகொண்டே கேட்டதாகவும், ஆட்டுக்கொட்டகைக்கு ஒரு கதவு கொடு என்று அக்கா கேட்டு வாங்கியதாகவும் கேள்விப்பட்டிருந்தேன். எந்தக் கதவு என்று நான் விசாரிக்கவில்லை.

"ஏலே பெயிண்டு."

கொட்டகைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் அக்கா உட்கார்ந்திருந்தது. மடியில் கம்பு. தலை நல்லா நரைத்திருந்தது. வாய் மட்டும் அப்படியே.

"வண்டி பஞ்சராகாட்டி எங்க தெரு தெரியாதோ?"

நான் ஸ்டாண்டைப் போட்டேன். அக்கா கம்பால் கதவைக் காட்டியது.

"நீ எழுதுனதுதான, என்னான்னு வாசி. ஆட்டப் பாக்க வாரவுகல்லாம் கேக்குறாக. எனக்கெங்க தெரியும்."

"எஃப்.சி.ன்னு இருக்குக்கா. ஜூன் வரைக்கும்னு தேதி."

"வரைக்கும்னா?"

"அதுவரைக்கும் வண்டிய நம்பி ஏறலாம்னு அர்த்தம்."

ஆடு ஒன்று கதவில் முதுகை உரசிக்கொண்டிருந்தது. இங்கே என் வாயில் ஒரு கேலி வந்திருந்தால் தப்பித்திருப்பேன். வரவில்லை.

"முருகேசண்ணே அன்னைக்குப் புது டயரு வாங்கத்தான் இருந்தாருக்கா. நாந்தான் கேலி பண்ணி அந்த மாப்பிள்ளை டயர மாட்ட வச்சேன்."

அக்கா கம்பை மறுபடி மடியில் வைத்தது.

"அவரு சொல்லிட்டுத்தான்லே திருப்பூரு போனாரு. பழைய டயர மாட்டிட்டு வந்த மறுநாளு, 'மாப்பிள்ளைக்கு ஒரே ராத்திரில சொட்டை விழுந்துருச்சுடி'ன்னு சொன்னது யாருங்குற? நாந்தேன். மெட்டு ஏறுற வரைக்கும் சிரிச்சாளுக. எல்லாரும் தெரிஞ்சுதான ஏறுனோம்."

தின்னர் கொண்டு வந்து அந்த எழுத்தை அழித்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"கெடக்கட்டும். ஆடு ஒரசியே போயிரும். நீ ரெண்டு வருசமா வரலங்கிறதத்தேன் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது பஞ்சர் இல்லாமலும் அந்தத் தெரு வழியாகப் போகிறேன். எஃப்பில் பாதியை ஆடு உரசி எடுத்துவிட்டது. சி-யின் வால் இன்னும் போகவில்லை.

விடிகாலையில் பட்டறை வாசல் வழியாக ஜீப்புகள் இப்போதும் மலைக்குப் போகின்றன. எந்த ஜீப்பும் மெதுவாவதில்லை. பெயிண்டு என்று கூப்பிட அதில் ஆளில்லை. பின்பலகையில் ஒரு சின்னப் பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், என்னை அவளுக்குத் தெரியாது. நான் அவளைத் தினமும் பார்க்கிறேன், காலை உள்ளே வைத்திருக்கிறாளா என்று.