சந்தனம் பூசிய எஃகுவடம்

நான் வாழும் பிரெஞ்சு மலைநகரில், கம்பிவடத்தில் செல்லும் தொங்கூர்தியில் ஏறும்போது அதன் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். சென்ற வாரம் அருகிருந்த மூதாட்டி, நான் கையுறையைத் தவறவிட்டதாக எண்ணி, எனக்காகக் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார். இங்கு எவரும் பொறியை வணங்குவதில்லை.

ஓய்வுக்குப் பின்னும் எஃகுவடக் கையேடுகளைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்கு மொழிபெயர்த்து வருகிறேன். ‘தொரோன்’ என்றால் ‘ஸ்ட்ராண்ட்’, கம்பிகளை முறுக்கிய புரி. ‘ஃபில் காசே’ என்றால் ‘புரோக்கன் வயர்’, அறுந்த கம்பி. அண்மையில் வந்த கையேடு இந்தியச் சர்க்கரை ஆலைகளுக்குரியது. “அறுந்த கம்பிகளைக் கண்ணால் பார்த்து எண்ணுக, மிகுந்திருந்தால் வடத்தைக் கழற்றுக” என்ற வரியில் என் கை நின்றது. சென்ற மாதம் நான் ஊர் சென்றிருந்தபோது எங்கள் மண்ணாடிப்பட்டுப் பக்கத்து ஆலையொன்றில் அரவை தொடங்கிற்று. கரும்புக் கட்டுகளைத் தூக்கும் பாரந்தூக்கியின் வடத்திற்குப் பூசைக்கென்று வெள்ளிவண்ணம் அடித்து, அதன்மேல் சந்தனமும் அப்பியிருந்தார்கள். அப்பியவர் அப்பொறியை இயக்கும் முருகையன். என் மனைவியின் தம்பி. அந்தப் பூச்சின்கீழ் எதை எண்ணுவது?

“பூச்சையும் சந்தனத்தையும் துடைத்தபின்” என்று சேர்க்க இசைவு கேட்டேன்.

“சந்தனமா? அது எவ்வகை மசகெண்ணெய்? எங்கள் பட்டியலில் இல்லையே” என்றார் கையேட்டை அனுப்பிய பிரெஞ்சு நிறுவனத்தின் பொறியாளர் அம்மையார். பூசையை விளக்கினேன். வியந்து கேட்டவர், “ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் வரி சேர்ப்பதில்லை, ஐயா” என்று கனிவாகவே மறுத்தார்.

முருகையனை அழைத்தேன்.

“சாமிக்கு வச்சத இன்னாத்துக்கு மாமா தொடைக்கச் சொல்றீங்க? வெளிய டிராக்டருங்க வரிசகட்டி நிக்குது!”

“தொடச்சிட்டு எண்ணுப்பா. அப்பறம் ஓட்டு.”

அரைமணி கழித்து அவரே அழைத்தார். “ஒரே எடத்துல ஒம்போது கம்பி அறுந்து கெடக்குது மாமா. அதுக்குக் கீழதான் நம்ம ஆளுங்க கட்டு அவுக்கறாங்க. நிறுத்திட்டேன்.”

அவருக்குப் பின்னால் வண்டிக்காரர்களின் கூச்சல் எழுந்தது. “கரும்பு காயுது, எவன்டா நிறுத்தச் சொன்னது?”

“எங்க மாமா. பிரான்சுல இருக்காரு.”

“அங்க குந்திகினு இருக்கறவருக்கு இங்க இன்னாடா தெரியும்?”

கைபேசியை ஒரு காதோடு அணைத்தபடியே, பிரெஞ்சு மூலத்தில் இல்லாத, ஆலையிலும் எவரும் கேளாத, ‘துடைத்தபின்’ என்ற அந்த வரியைப் பக்கத்தின் அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக எழுதி என் பெயரை இட்டேன். மறுகாதில் சன்னலுக்கு வெளியே பனி விழும் ஓசையின்மை. இக்காதில் ஊர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தது.