ஜோதி சொன்ன பச்சைகள்

காலையில் கடையைத் திறந்து, ஒரு கல்யாணத்தில் எடுத்த படங்களின் ரா ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஜோதியின் வீட்டுக்காரர் முருகையன் போன் செய்தார். "அண்ணே, ஜோதி போயிட்டாண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

மன்னார்குடியில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்து போனவர்களுக்கெல்லாம் ஜோதியைத் தெரியும். எனக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாது என்பதும் தெரியும். படம் எடுப்பது நான். கேமரா பிடித்த வெளிச்சத்தை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலைத் திறந்து, நிறத்தைக் கூட்டிக் குறைத்துப் படமாக்குவது ஜோதி. ஒருமுறை அவர் லீவில் இருந்தபோது நானே துணிந்து ஒரு சிவப்புக் கூரைப்புடவையில் கைவைத்தேன். ஆல்பத்தைப் பார்த்த பெண்ணின் அம்மா, "என்னங்க இது, எம் பொண்ணு சேத்துல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கா!" என்று சத்தம் போட்டார். மறுநாள் ஜோதி விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, நீங்க வெளிச்சத்தப் பாத்துக்குங்க. கலர என்கிட்ட விட்டுடுங்க."

விட்டேன். அவர்தான் என்னை விடவில்லை. வயலில் எடுத்த படம் எதைத் திறந்தாலும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்வார். "இது நாத்துப் பச்சைண்ணே. மழை விட்டதும் வரப்புல செருப்பில்லாம நடந்தா கால்ல ஜில்லுன்னு ஏறுமே, அது." கதிர் முற்றிய வயலென்றால், "பச்சை கிளம்பிடுச்சு. வைக்கோல் வாசனை லேசா வர ஆரம்பிச்சிருக்கும் பாருங்க" என்பார். "கண்ணு தெரியாதவனுக்குக் கதை சொல்றியாக்கும்?" என்று எரிந்து விழுவேன். "கேட்டாக் கேளுங்க, கேக்காட்டிப் போங்க" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே வயலுக்குப் படமெடுக்கப் போவேன். இப்போதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறேன். எடுத்து வந்து யாரிடம் காட்ட?

படத்திறப்புக்கு ஒரு படம் வேண்டும் என்று வந்தார் முருகையன். போன பொங்கலுக்குக் கடை வாசலில் நான் ஜோதியை எடுத்தது இருந்தது. ஊரார் படத்தையெல்லாம் முடித்துக் கொடுத்தவர், தன் படத்தை மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்ண்ணே" என்று போட்டுவைத்திருந்தார். திறந்தேன். முகத்தில் வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது. புடவை எனக்கு மண் நிறமாகத் தெரிந்தது.

"என்ன கலர் முருகையன்?"

"பச்சைண்ணே."

"என்ன பச்சை?"

திரையையே பார்த்தார். "பச்சைதாண்ணே... ஆசப்பட்டு எடுத்தா" என்று சொல்லி அழுதுவிட்டார்.

பிறகு அவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்ண்ணே" என்று சொல்லச் சொல்ல, நான் நிறத்தை நகர்த்தினேன். ஜோதி அப்படியே இருக்கிறார் என்றார்கள் படத்திறப்புக்கு வந்தவர்கள்.

நாற்றின் பச்சை என் காலில் இருக்கிறது. முற்றிய கதிரின் பச்சை மூக்கில் இருக்கிறது. இரண்டும் ஜோதி கொடுத்தவை. அந்தப் புடவைப் பச்சையை மட்டும் சொல்லாமலே போய்விட்டார்.