நான் சுண்டாத கயிறு

என் மச்சினன் இன்னாசி டாக்டர் படிப்புக்குப் போய்விடக் கூடாது என்று தேவமாதாவின் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று மன்றாடியவன் நான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமானால் என் பாவத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வாசிக்கிற சகோதர சகோதரிகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சூசை. தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிக்கிறவன் அவனுடைய மச்சினனாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவன்கூடக் கை தளர்ந்துவிடலாம். மச்சினன் தளரமாட்டான். தன் அக்காளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். என் மனைவி பிலோமிக்கு உடன்பிறந்தவன் இன்னாசி ஒருவன்தான். பதினெட்டு வயதிலிருந்தே என் கயிறு அவன் கையில் இருந்தது.

அவன் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். தகப்பனார் இறந்துபோனதால் மேலே படிக்க வழியில்லாமல் வள்ளத்துக்கு வந்தான். கடலுக்குப் போகாத மாதங்களில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டருக்கு உதவியாக இருப்பான். அங்கேதான் அந்த ஆசை பிடித்தது. டாக்டரும் தைரியம் சொன்னார். பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் இண்டர்மீடியட் சயன்ஸ் படித்துவிட்டு மெடிக்கல் காலேஜுக்கு மனுப் போடு, இப்போதே வயது ஏறிவிட்டது, இனியும் தாமதிக்காதே என்றார். அப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது.

மறந்துபோன பாடங்களை வள்ளத்திலேயே படிக்கத் தொடங்கினான். உள்பலகையில் கரித்துண்டால் ரசாயனப் பெயர்களை எழுதிவைத்து, நான் மேலே வந்து மூச்சு வாங்குகிற நேரத்தில் முணுமுணுப்பான். கூட இருந்தவர்கள் விடுவார்களா?

"ஏலே டாக்டரே, இந்த வாளை மீனுக்குக் காய்ச்சலான்னு பாரு. நாக்க நீட்ட மாட்டேங்குது!"

"அது நாக்கையும் சேத்து ஒமக்குல்லா வச்சிருக்கு, அண்ணாச்சி" என்பான் இன்னாசி.

நானும் சிரிப்பேன். உள்ளுக்குள்ளே பயம். எனக்கு நாலு பிள்ளைகள். இவன் போய்விட்டால் என் உயிரை யார் கையில் கொடுப்பேன்? ஒன்பது சனிக்கிழமை மாதாவிடம் போய் அவனை நிறுத்தும்படி கேட்டேன்.

1945-ஆம் வருஷம் தவக்காலத்தில் அது நடந்தது. கடலடியில் ஒரு திட்டு நிறையச் சங்கைக் கண்டேன். மூச்சு முடிகிற நேரம். கயிற்றைச் சுண்டினால் அவன் இழுத்துவிடுவான். இன்னும் ரெண்டு எடுத்துக்கொண்டு சுண்டலாம் என்று கை நீட்டினேன். அவ்வளவுதான் நினைவு. கண் விழித்தபோது வள்ளத்தில் கிடந்தேன். மூக்கிலும் காதிலும் ரத்தம். நான் சுண்டாமலே, நேரம் கடந்துவிட்டதைப் பார்த்து இன்னாசி இழுத்திருக்கிறான்.

"கயிற்றச் சுண்டினியாடே?" என்று ஒருவர் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "ரெண்டு தடவ சுண்டினேன். அவன் பலகையப் பாத்துக்கிட்டிருந்தான்."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. இல்லை, தெரியும். அவனை நிறுத்த வழி கிடைத்துவிட்டது.

வீட்டில் பிலோமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஏலே, என் தாலி அறுந்தா ஒம் புஸ்தகமா வந்து கெட்டும்?" என்று தம்பியைக் கேட்டாள்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. "கவனிக்காம இருந்துட்டேன்க்கா" என்றான். நான் சொன்னதை அவன் நம்பிவிட்டான். மறுநாள் கடல் தண்ணீரை அள்ளி ஊற்றிப் பலகையைக் கழுவினான். ஜூன் மாதம் பாளையங்கோட்டைக்குப் போகவில்லை. நான் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். என் ஜெபம் கேட்கப்பட்டது என்று நாலு பேரிடம் சாட்சியும் சொன்னேன். சகோதரரே, அந்தச் சாட்சி பொய்.

அடுத்த ஜூனும் போயிற்று. அவனுக்குத் தன்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. கயிற்றைக் கையில் பிடித்தால் போதாது என்று வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொள்வான்.

"இப்படிக் கெட்டினா கைய அறுத்துரும்லே" என்றேன்.

"அறுத்தா அறுக்கட்டும் அத்தான். இன்னொரு தடவ தப்ப விடமாட்டேன்."

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.

1947 பிப்ரவரியில் அந்த மணிக்கட்டு புண்ணாகி, உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டுச் சீழ் வைத்தது. முழங்கை வரை வீங்கியது. குளிர்காய்ச்சல். டாக்டர் கீறிவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "இதுக்கு மேல ஏறினா கைய எடுக்கணும். உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது" என்றார்.

உச்சிவெயிலில் கோயிலுக்கு ஓடினேன். ஜெபமாலை சொல்ல நாக்கு வரவில்லை. "ஆண்டவரே, பொய் சொன்னது நான். கையை இழக்கிறது அவனா? அவனைக் காப்பாற்றும். எல்லோர் முன்பாகவும் உண்மையைச் சொல்லுகிறேன்" என்று தரையில் விழுந்து அழுதேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வீக்கம் வடிந்தது. கை பிழைத்தது. இரண்டு விரல் மட்டும் மடங்காமல் நின்றுவிட்டது.

இப்படிப்பட்ட இரக்கத்தைப் பெற்ற பிறகும் நான் ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை. கடைசியில் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னேன். அவர், "என்கிட்ட சொல்லிட்டே. அவன்கிட்ட யார் சொல்லுவா?" என்று கேட்டார்.

மறுநாள் வள்ளங்கள் கரையேறி எல்லோரும் நெருப்பைச் சுற்றிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். கைக்கட்டோடு இன்னாசியும் வந்திருந்தான். எழுந்து நின்று முழுவதையும் சொன்னேன். மீனைக் காட்டி அவனைக் கேலி செய்த அண்ணாச்சி மணலில் காறித் துப்பிவிட்டு எழுந்து போனார். இன்னாசி மாத்திரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் கயிற்றப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேனா, அத்தான்?"

"ஆமாலே. நான் சுண்டவே இல்ல. நீ பாத்துத்தான் இழுத்த."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு சின்னப்பிள்ளைபோல் அழுதான். என்னை அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஜூனில் அவனைப் பாளையங்கோட்டைக்கு நானே கூட்டிப்போய்ச் சேர்த்தேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் மீசை முளைக்காத பையன்கள் வாத்தியார் என்று எண்ணி எழுந்து நின்றார்களாம். மடங்காத விரல்களை ஒதுக்கி, மற்ற விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகி எழுதிப் பழகினான். அவனோடு படித்தவர்களுக்கு ஒரு மணி நேர வேலை அவனுக்கு இரண்டு மணி நேரம். தினமும் காலையில் அவனுக்காக முழங்காலில் நின்றேன். நான் தின்றுவிட்ட வருஷங்களுக்காக அவனைத் தள்ளிவிடாதேயும் என்பதுதான் என் ஜெபம்.

இந்த வருஷம், 1949-இல், மெடிக்கல் காலேஜில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். "இவ்வளவு காலம் என்ன செய்தாய்?" என்று கேட்டார்களாம். "எங்க அத்தானுக்குக் கயிறு பிடித்தேன்" என்று சொன்னானாம். என் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடம் கிடைத்துவிட்டது. சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம்.

ஆனாலும் அவன் படித்து வெளியே வரும்போது நாற்பதை நெருங்கிவிடுவான். அந்த விரல்களோடு கத்தி பிடித்து அறுவை வைத்தியம் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைத்தான் அவன் மிகவும் விரும்பினான். ஆண்டவர் என்னை மன்னித்தார் என்று நம்புகிறேன். விரலை மடக்கித் தரவில்லை. அதைப் பார்க்கிறபோதெல்லாம் தலை குனிகிறேன்.

இப்போது என் கயிற்றைப் பிடிக்கிறவர் கீழக்கரைக்காரர் காதர். எனக்கு எந்த உறவுமில்லை. முதல் நாள் பயத்தோடு சிலுவை வரைந்துகொண்டுதான் இறங்கினேன். இந்த இரண்டு வருஷத்தில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. உறவின் கையை விட்டால் கடலில் செத்துப்போவேன் என்று நினைத்தவனை ஆண்டவர் அந்நியர் கையைக் கொண்டு காக்கிறார்.

பிலோமி சோறு போடுகிறாள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் மனம் இரங்க நீங்களும் ஒரு மன்றாட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களில் யாராவது பயத்தினால் ஒருவரைப் பிடித்து நிறுத்தியிருந்தால், அதற்காக மெழுகுதிரி ஏற்றாதீர்கள். ஆண்டவரை நம்பி விட்டுவிடுங்கள். பொய் சொல்லி நிறுத்தியிருந்தால் இன்றைக்கே போய் அந்த மனிதரிடமே சொல்லுங்கள். உங்கள் குறையை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். போன வருஷங்கள் மட்டும் திரும்பி வராது.